சைவ மீனுக்குச் செப்புக்குடத்துத் தண்ணீர்

உப்புநீர் மீன்தொட்டி கழுவப் போகிறவளின் சுடிதார் கையில், எத்தனை துவைத்தாலும், முழங்கைக்குக் கீழே வெள்ளை பூத்தே இருக்கும். வீடு வீடாகப் போய் வேலை பார்க்கிற உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒரு அடையாளம் இருக்கத்தான் செய்யும். நாகர்கோவில் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது முடித்துவிட்டுத் திருவனந்தபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். ஒரு ஸ்கூட்டர், இரண்டு வாளி, வாரத்துக்குப் பதினோரு தொட்டி. அதில் என்னை அதிகம் படுத்தியது, ஸ்ரீவராகம் பகுதியில் ஒரு வீட்டில், ஒரே ஒரு மீன் இருக்கிற தொட்டிதான்.

சைவமா, அசைவமா?

மீனை வாங்கியது அந்த வீட்டு மகன். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவரைத் திடீரென்று பெங்களூருக்கு மாற்றிவிட்டார்கள். ஆறடித் தொட்டி அப்படியே அப்பா அம்மா வீட்டுக்கு வந்தது. உள்ளே ஒரு சர்ஜன் மீன்: வெளிர்நீல உடம்பு, கறுத்த முகம், முதுகில் மஞ்சள். கூடவே துப்புரவு வேலைக்கு நாலு நத்தை, இரண்டு இறால். இரண்டு மாதம் பார்க்கலாம், சரிப்படாவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மகன் போனில் சொல்லியிருந்தார்.

வெங்காயமே யோசித்து வாங்குகிற ஆசாரமான வீடு அது. அவருடைய அப்பா அம்மாவை நான் மாமா, மாமி என்றுதான் கூப்பிடுவேன். மாமா சிரித்துக்கொண்டே வழிவிட்டார், மாமி நகரவில்லை. காய்ந்த கடற்பாசித் தாளை ஒரு கிளிப்பில் மாட்டித் தண்ணீருக்குள் விட்டேன். மீன் வந்து, ஆடு குழையை இழுப்பதுபோல இழுத்துத் தின்றது. மாமி அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "சைவம்னா நம்மாத்துல இருந்துட்டுப் போகட்டும். நீ அதுக்கு வேற பழக்கம் எதுவும் கத்துக்கொடுத்துடாதே."

நிறம் போன காலை

நாலாம் நாள் காலை ஆறு மணிக்கு மாமா போன் செய்தார். மீன் வெளிறிப்போய்க் கல்லிடுக்கில் சொருகிக் கிடக்கிறது, மாமி காப்பிகூடக் குடிக்கவில்லை, உடனே வா என்றார். எல்.கே.ஜி. படிக்கிற மகளுக்கு ஒரு பக்கம்தான் பின்னியிருந்தேன். அப்படியே ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்துக்கொண்டு பறந்தேன்.

விஷயம் ஒன்றுமில்லை. இந்த மீன் தூங்கும்போது கல்லுக்குள் ஒடுங்கும், நிறமும் மங்கும். விளக்கைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் நீலம் ஊறி வந்தது, மீனும் வெளியே வந்து பாசி கேட்டது. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் மகள் மட்டும் மீனுக்குப் பரிந்து பேசினாள்: "அம்மே, பாவம். அதுக்கும் இன்னிக்கு ஸ்கூல் உண்டோ?"

வாலில் ஒரு கத்தி

இந்த மீனுக்கு சர்ஜன் என்று ஏன் பெயர் என்பதைப் புத்தகத்தில் படிக்காமலே தெரிந்துகொண்டவள் நான். வாலடியில் இரண்டு பக்கமும் மடக்குக்கத்தி மாதிரி ஒரு முள். கண்ணாடியைத் துடைக்கும்போது கை கல்லுக்கும் அதற்கும் நடுவில் போய்விட்டது. ஒரு விசிறல், அவ்வளவுதான். ரத்தத்தோடு உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் எப்படி எரியும் என்று அனுபவப்பட்டவர்களுக்குச் சொல்லவேண்டாம்.

மாமி மஞ்சள்தூளோடு ஓடி வந்தார். காயத்தில் அப்பிக்கொண்டே, பாவப்பட்டது யார் என்பதில் எனக்குச் சந்தேகம் வரும்படி சொன்னார்: "பயந்துண்டுதான் வெட்டியிருக்கும். நீ அதை வெச்சுண்டு மனசுல ஒண்ணும் நினைச்சுக்காதே."

ஒவ்வொன்றாக

ஒரு மாதம் கழிந்திருக்கும். ஒரு இறால் போயிற்று. அடுத்த வாரம் இன்னொன்று. பிறகு நத்தைகள் கண்ணாடியிலிருந்து கழன்று விழ ஆரம்பித்தன. உப்பை அளந்தேன், சரி. சூட்டை அளந்தேன், சரி. என் வாளியைக்கூடச் சந்தேகப்பட்டுப் புதிதாக வாங்கினேன். அடுத்தது மீன்தான் என்று பயந்தேன். மகன் பெங்களூரிலிருந்து கூப்பிட்டு, ஆளையே மாற்றிவிடலாம், இல்லை, தொட்டியையே நண்பரிடம் கொடுத்துவிடலாம் என்றார். கெட்டவர் இல்லை. ஆனாலும், தூரத்தில் இருக்கிறவர்களுக்குப் பழிபோடக் கிடைப்பது பக்கத்தில் நிற்கிறவர்கள்தானே. மாமா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சாரமில்லை, போனாப் போறது. அவன் கத்தட்டும், நீ வந்துண்டே இரு."

செப்புக்குடம்

ஒரு நாள் மகளின் பள்ளி வேன் சீக்கிரம் வந்துவிட்டதால் நானும் முன்னாடியே போய்விட்டேன். மாமி குளித்து முடித்து, அடுக்களையிலிருந்து செப்புக்குடத்தை எடுத்து வந்தார். துளசிக்கு ஒரு சொம்பு விட்டார். அடுத்த இரண்டு சொம்பைத் தொட்டியில் விட்டார்.

தொட்டியில் ஆவியாகிக் குறைகிற தண்ணீரை ஈடுகட்ட, வடிகட்டிய நல்ல தண்ணீரைக் கேனில் கொண்டுவந்து வைத்திருந்தேன். மெஷின் தண்ணீரில் என்ன சத்து இருக்கிறது என்று மாமி அதைத் தொடவே இல்லை. தாங்கள் குடிக்கிற, ராத்திரி முழுக்கச் செம்பில் ஊறின தண்ணீரைத்தான் தினமும் அதற்கும் கொடுத்திருக்கிறார். நமக்கு ஒன்றும் செய்யாத அந்தத் துளிச் செம்பு இறாலுக்கும் நத்தைக்கும் விஷம். நாள்பட நாள்படத் தொட்டியில் சேர்ந்துபோயிருக்கிறது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் மீன் இருக்கிறதே. தயங்கித் தயங்கிச் சொன்னேன். மாமி குடத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்போது பார்த்து மகன் போன். என்ன காரணம் என்று அவர் கேட்க, மாமி என் கையிலிருந்து போனை வாங்கினார்: "அவளை ஒண்ணும் சொல்லாதே. விட்டது நான்."

மருந்து

பழைய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, செம்பை உறிஞ்ச வடிகட்டியில் கரி போட்டு, தொட்டியைத் தேற்றினேன். மாமி குடத்தைப் பரணில் ஏற்றிவிட்டார், தொட்டிப் பக்கமே வருவதில்லை. இந்த ஆட்டத்தில் மீன் தளர்ந்துபோயிருந்தது. ஒரு நாள் போனால், உப்பைத் தூவியதுபோல உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. சர்ஜன் மீனுக்கு இது சீக்கிரம் பிடிக்கிற நோய், விட்டால் போய்விடும். மீனைத் தனியாக ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றி மருந்து விட்டேன். மூன்று நாள் பாசியைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாமி தூணோரம் நின்று எட்டிப் பார்ப்பார், கிட்டே வரமாட்டார்.

நாலாம் நாள் பாசித் தாளில் ஒரு கடி. பிறகு இன்னொன்று. மாமி முதல்முறையாக அருகில் வந்து, அது என்ன மருந்து என்று கேட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளதைச் சொன்னேன்: செம்புதான் மாமி, அந்தப் புள்ளிக் கிருமியைக் கொல்லும், ஆனால் சொட்டு எண்ணி, தினமும் அளந்து பார்த்து விடணும். மாமி என்னைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், பிறகு பரணைப் பார்த்தார்.

"அப்போ குடத்தை இறக்கட்டுமா?"

குடம் இறங்கிவிட்டது, மாமாவுக்கும் துளசிக்கும் மட்டும். மீனும் தேறித் தன் தொட்டிக்குத் திரும்பிவிட்டது. நான்தான் இப்போதெல்லாம் புது வீட்டுக்குப் போனால் தொட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீர் கேட்டுக்கொண்டே அடுக்களையை எட்டிப் பார்க்கிறேன்.