ஃபைனலுக்காக முந்திய கலியாணம்

வீட்டில் யாராவது டீவியில் ஃபுட்போல் மேட்ச் போட்டால் நான் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவேன். மைதானத்தில் ஒரு நாளும் கால் வைக்காத பொம்பிளைக்கு இவ்வளவு அருவருப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். எல்லாம் குசினியில் இருந்து பார்த்ததுதான்.

எழுபதுகளின் கடைசி. எங்கள் ஊரை மெயின் ரோட்டு இரண்டாக வெட்டிப் போகிறது. கிழக்கே கடல், மேற்கே வயல். பக்கத்துக்கு ஒரு கழகம். வயல் பக்கத்துக் கழகத்தின் தலைவர் என் வாப்பா, நெல் வியாபாரி. கடல் பக்கத்துக் கழகத்தின் சென்டர் ஃபோர்வர்ட் எனக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை. பேசும்போது ஃபுட்போலை யாரும் யோசிக்கவில்லை. எங்கள் வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கட்டி அவள் பேரில் எழுதிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். என் வீட்டுக்குச் சுவர் மட்டும் எழும்பியிருந்தது. வேளாண்மை வெட்டி, நெல் விற்ற காசில் ஓடு போட்ட பிறகு கலியாணம் என்று முடிவு. வேலி இடுக்கால் அவரைப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பிடித்திருந்தது. இந்தக் கலியாணம் நல்லபடியாக நடந்தால் போதும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

அந்த வருஷம் கிண்ணத்துக்கான போட்டி தொடங்கியது. எங்கள் கழகம் ஃபைனலுக்குப் போன பாதையைச் சொல்லவே வாய் கூசுகிறது. முதல் மேட்ச் கோமாரி ஊர்ப் பொடியன்களோடு. அவர்களுடைய லொறி வழியில் நின்றுவிட, மிச்சத் தூரத்தை நடந்தே வந்திருக்கிறார்கள், முழங்கால் வரைக்கும் புழுதி. வாப்பா மணிக்கூட்டைக் காட்டி, "நேரம் போயித்து" என்றாராம். அவ்வளவுதான், வெற்றி எங்களுக்கு. அடுத்த மேட்ச் நேரம் எங்கள் கப்டனுக்குக் காய்ச்சல். உடனே வாய்க்காலைத் திறந்து மைதானத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள். கோலுக்கு முன்னால் முழங்கால் சேறு. மேட்ச் தள்ளிப் போனது, காய்ச்சலும் இறங்கியது. பயிர் குடிக்க வேண்டிய தண்ணீர் அது. ஒரு வயல்காரனும் வாய் திறக்கவில்லை. அரையிறுதிக்கு முந்தின நாள் ரெஃபரிக்கு எங்கள் வீட்டில் பகல் சாப்பாடு. நெய்ச்சோறும் மாட்டிறைச்சியும் ஆக்கியது நான்தான். "இறைச்சி நல்லா அவியட்டும் புள்ள" என்று வாப்பா இரண்டு தரம் வந்து சொன்னார். ரெஃபரி விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டார். அடுத்த நாள் எங்களுக்கு இரண்டு பெனல்டி. சீ, அந்தச் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

கடல் பக்கத்தார் மட்டும் திறமா என்ன? முதல் இரண்டு மேட்சும் மாப்பிள்ளை அடித்த கோலால்தான் வென்றார்கள், அது உண்மை. அரையிறுதிக்கு வந்த அக்கரைப்பற்று அணி கொஞ்சம் கெட்டி. இடைவேளையில் அவர்களைக் கூப்பிட்டு மரியாதையாகத் தேத்தண்ணி கொடுத்தார்களாம். அதற்குள் பேதி மருந்து. இரண்டாம் பாதியில் ஒவ்வொருவராகத் தாழம்புதருக்குள் ஓட, இவர்கள் கோல் கோலாகப் போட்டிருக்கிறார்கள். பக்கத்து வளவு மாமி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விருந்தாளிக்குக் கொடுக்கிற தேத்தண்ணியில் இப்படிச் செய்கிற ஆட்களோடு இவர் நிற்கிறாரே என்றுதான் இருந்தது.

இனி வருகிற ஞாயிறு ஃபைனல், எங்களுக்கும் அவர்களுக்கும். எந்தப் பக்கத்தில் குடியிருக்கிறானோ அந்தப் பக்கத்துக் கழகத்துக்குத்தான் ஒருவன் ஆடலாம் என்பது இரண்டு கழகமும் ஒத்துக்கொண்ட சட்டம். அது வாப்பாவின் மண்டையில் அன்றைக்குத்தான் ஏறியது.

"கலியாணத்த முந்திப் போடுவம். மருமகன் இஞ்ச குடிவந்தா நமக்குத்தான் அடிக்கணும்" என்றார் உம்மாவிடம்.

"வீட்டுச் சுவர் இன்னும் காயல்ல. ஓடும் போடல்ல" என்றாள் உம்மா.

"கூரைக்கு ஓலைக் கிடுகு போட்டாக் காணும். இப்ப இல்லாட்டி இந்தச் சம்பந்தமே இல்ல எண்டு அங்க செல்லி அனுப்பு."

என்னை ஒரு சொல் கேட்கவில்லை. கோல் அடிக்கிற ஒரு காலை வாங்குவதற்கு மகளைக் கொடுக்கிறார் என்று ஊர் முழுக்கத் தெரிந்தது. அவருக்கு வெட்கமில்லை, எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அங்கிருந்து "ஓம்" என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை வீட்டு வளவை என் பேரில் எழுதினார்கள், அதோடு கலியாணக் காவினும் எழுதினார்கள். சொந்தக்காரரைத் தள்ளிவிட்டுக் கழகக்காரர்கள் முன்வரிசையில் குந்தியிருந்தார்கள். மாப்பிள்ளையின் முகத்தை ஒருவனும் பார்க்கவில்லை. சந்தையில் மாடு பார்க்கிற மாதிரி முழங்காலைத் தடவிப் பார்த்தார்கள். ஒரு வெட்கங்கெட்டவன் உம்மாவிடம் வந்து, "ஞாயிறு வரைக்கும் மாப்புளையக் களைக்க உடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். திரைக்குப் பின்னால் கலியாண உடுப்போடு இருந்த என் காதில் அது விழுந்தது. இன்றைக்கும் காதில் நிற்கிறது, தூ.

மாப்பிள்ளை மட்டும் பண்பாக நடந்துகொண்டார். ஈரச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒன்னயும் அந்தரப்படுத்திட்டாங்க" என்றார். இவர் அவர்களைப் போல இல்லை என்று அந்த ஒரு சொல்லில் நம்பிவிட்டேன்.

ஞாயிறு பின்னேரம் லவுட்ஸ்பீக்கர் சத்தம் குசினி வரைக்கும் வந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடியப் போகிற நேரம் எங்களுக்குப் பெனல்டி. அடிக்க வந்தது அவர். அடுப்பை ஊதுவதை விட்டுவிட்டுக் கேட்டேன். பந்து கம்பத்துக்கு வெளியே வெகுதூரம் போய்விட்டது என்றான் அறிவிப்பாளன். கொஞ்ச நேரத்தில் கடல் பக்கத்தார் கோல் போட்டார்கள். கிண்ணம் கிழக்கே போனது.

வாப்பா செருப்போடு என் வீட்டுக்குள் ஏறினார்.

"அவன்ட பெட்டியத் தூக்கி ரோட்டில வை. வேணுமெண்டே வெளியால அடிச்சிரிக்கான். நாளைக்கே காதியாரிட்டப் போய் இந்தக் கலியாணத்த வெட்டி உடுறன்."

"கால் வழுக்கியிரிக்கும் வாப்பா."

"நீ கண்டியா?"

ஈரச் சுவரைத் தொட்டு மாப்பிள்ளை சொன்ன அந்த ஒரு சொல்தான் எனக்கு ஞாபகம் வந்தது. "வல்லாஹி, அவர் வேணுமெண்டு அடிக்கல்ல" என்றேன். அல்லாஹ்வின் மேல் சத்தியம். அதற்கும் வாப்பா அசையவில்லை. அவரே குனிந்து பெட்டியைத் தூக்கினார்.

"பெட்டிய வைங்க வாப்பா. இந்த வளவு என்ட பேரில எழுதினது. ஆரு இரிக்கிற, ஆரு போற எண்டு நான்தான் செல்லணும்."

வாப்பாவின் முன்னால் நான் அப்படிக் கதைத்ததில்லை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பெட்டியை வைத்தார், போய்விட்டார். அந்தப் போகம் வெட்டி முடியும் வரைக்கும் என் வீட்டில் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வந்தார். சோறு போட்டேன். பசியில் அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். பாதியில் கேட்டேன்.

"கால் வழுக்கினதா?"

"இல்ல. வேணுமெண்டுதான் வெளியால அடிச்ச" என்றார் சிரித்துக்கொண்டு. "சின்ன வயசில இரிந்து விளையாடின கழகம். அதுக்கு எதிரா எப்பிடி அடிக்கிற?"

"அப்ப ஏன் வாப்பாக்கு ஓம் எண்டு செல்லி அனுப்பின?"

"செல்லாட்டி ஒன்னத் தந்திரிப்பாரா? இப்ப ரெண்டும் கிடைச்சித்துதானே."

இரண்டும். கிண்ணமும் நானும். வாப்பாவும் இவரும் ஒரே சாதிதான் என்று அப்போது தெரிந்தது. நான் செய்த சத்தியத்தைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை.

தெரியாமல் செய்த சத்தியத்துக்குக் குற்றமில்லை என்று, நான் கேட்டனுப்பியதற்குப் பள்ளிவாசல் லெப்பை தன் மனைவியிடம் சொல்லி அனுப்பினார். என் மனம் ஆறவில்லை. வாயைக் கழுவினாலும் போகாத ஊத்தை ஒன்று நாக்கில் கிடந்தது. பொய்ச் சத்தியத்துக்குப் பரிகாரமாக மூன்று நோன்பு பிடித்தேன். மூன்று நாளும் பகலில் அவருக்குச் சோறு போட்டேன். மூன்றாம் நாள் மீன்கறியைப் பிசைந்துகொண்டே கேட்டார்:

"இண்டைக்கும் நோன்பா? என்ன புள்ள, ஏதும் நேர்ச்சையா?"