அம்மன் படம் ஒட்டிய லேபல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்காய் யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். ஒரு கொப்பி வாங்கி வைத்தேன், அது பிள்ளையின் கணக்குப் பாடத்துக்குப் போய்விட்டது. இன்னொன்று வாங்கினேன், முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டதோடு நின்றது. பயம்தான், வேறொன்றும் இல்லை. அம்மன் சம்பந்தப்பட்ட விஷயம். ஒரு வார்த்தை கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் போன திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, என் காதில் விழும்படியே, இந்தக் கதையை யாரோ வேறு மாதிரிச் சொன்னார்கள். அதற்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதுவே பாவம் என்று பட்டது.

நாங்கள் இருப்பது நோர்வூட் பக்கத்தில் ஒரு தோட்டம். நானும் கொழுந்து பறித்தவள்தான். முழங்கால் போனபிறகு, மலை ஏற முடியாமல், ஸ்டோரில், அதாவது தேயிலை ஃபேக்டரியில், பேக்கிங் பக்கம் போட்டார்கள். அங்கே இருக்கும்போதுதான் அந்த மெஷின் வந்தது.

பார்க்க ஒரு சின்ன ட்ரங்குப் பெட்டி மாதிரி இருக்கும். உள்ளே லேபல் ரோல் ஒன்று, மை ரிப்பன் ஒன்று. லேபல் சாதாரண லேபல் இல்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே எள்ளு மாதிரி ஒரு புள்ளியும், அதைச் சுற்றிக் கோலம் போட்ட மாதிரி மெல்லிய கம்பியும் தெரியும். அந்தப் புள்ளிக்குள்ளே மெஷின் ஒரு நம்பரை எழுதும். அது கண்ணுக்குத் தெரியாது. மேலே ஆளுடைய பேரை அச்சடிக்கும். எழுதியதைத் தானே ஒரு தடவை வாசித்தும் பார்த்துக்கொள்ளும். புள்ளி கெட்டுப்போயிருந்தால், அந்த லேபல் முழுக்கக் கறுப்புக் கோடு போட்டு வெளியே தள்ளிவிடும். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் எழுத்துத் தெரியும் என்பதால் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். எலுமிச்சம்பழம் வெட்டி, சூடம் காட்டித்தான் தொடங்கினோம்.

லேபலைக் கொழுந்துப் பையின் வாயோரத்தில் தொங்குகிற மாதிரிக் கட்டவேண்டும். ஈரக் கொழுந்தோடு ஒட்டிக்கொண்டால் வேலை செய்யாது என்று சொல்லியிருந்தார்கள். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசுக்கு மேலே இன்னொரு பெட்டி இருக்கும். பையைக் கொண்டுபோய் மாட்டியதும் அது ‘டிக்’ என்று சத்தம் போட்டு, இன்னாருடைய கொழுந்து, இத்தனை கிலோ என்று தானே பதிந்துகொள்ளும். கையால் எழுதுகிற வேலை இல்லை.

என் வீட்டுக்காரருடைய தங்கச்சி, எனக்கு நாத்தனார், அதே லயத்து வரிசை வீட்டில் அடுத்த காம்பராவில் இருக்கிறாள். வாய்த்துடுக்கு அவளுக்கு. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில், தோட்டத்து உதவி மேனேஜரான சின்னதொரை இந்த மெஷினைப் பற்றி விளக்கிச் சொன்ன அன்றைக்கு, பின்னாலிருந்து சொன்னாள்:

“எங்களப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூட உங்களுக்கு அலுத்துப்போச்சு போல. அதுக்கும் ஒரு பூச்சி வாங்கியாந்துட்டீங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். சின்னதொரையும் சிரித்தார். ஆனால் மறக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அதற்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால்தான் அவளைக் குளவி கொட்டியிருந்தது. தேயிலைக்கு நடுவே நிற்கிற மரத்தில் கூடு இருந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். கண் இரண்டும் மூடிப்போய், உதடு வீங்கி, பேசமுடியாமல் என் கையில் விரலால் சூலம் மாதிரிக் கீறிக் காட்டினாள். அம்மனுக்கு வேண்டிக்கொள்ளச் சொல்கிறாள் என்று விளங்கியது. வேண்டிக்கொண்டேன். பிழைத்து வந்தாள். வாய்த்துடுக்கும் கூடவே வந்தது. ஆனால் மலைக்குப் போகிற பயம் போகவில்லை.

மஸ்கெலியாவில் கோயில் திருவிழாக் கடையில், தங்க நிறத்தில் பளபளவென்று மாரியம்மன் ஸ்டிக்கர் ஒரு அட்டை வாங்கி வந்தாள். பை நைலோன் பை, அதில் ஒட்டவில்லை. லேபலில் அவள் பேருக்குப் பக்கத்தில் வெள்ளையாய் இடம் இருந்தது. அங்கே நன்றாய் ஒட்டிக்கொண்டது.

“என் பேர்கிட்ட இவ இருந்தா குளவி கிட்ட வராது மதினி” என்றாள்.

“நல்லா இருக்குடி” என்று நானும் தொட்டுக் கும்பிட்டேன்.

அடுத்த நாளிலிருந்து அவள் பைக்கு மட்டும் ‘டிக்’ வரவில்லை.

முதல் நாள் கணக்கப்பிள்ளை கையால் எழுதிக்கொண்டார். புது லேபல் போடச் சொல்லி ஆள் அனுப்பினார். நான் அடித்தேன், என் மேசையில் இருந்த வாசிக்கிற பெட்டியில் வைத்துப் பார்த்தேன், நன்றாய்ச் சத்தம் வந்தது. கொடுத்துவிட்டேன். பழையதைக் கழற்றியபோது, அம்மன் படம் இருக்கிறதே, குப்பையில் போடமுடியுமா, நாத்தனார் அதைக் கொண்டுபோய் வீட்டுச் சாமித் தட்டில் வைத்துவிட்டாள். அட்டையிலிருந்து இன்னொரு அம்மனை உரித்துப் புது லேபலில் ஒட்டினாள். மறுபடி சத்தம் இல்லை. மறுபடி நான் அடித்தேன். மறுபடி பழையது சாமித் தட்டுக்குப் போனது.

கொழும்பிலிருந்து மெஷின் கொடுத்த ஆளிடம், ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா போனில் பேசி, எனக்கும் விளக்கச் சொன்னார். அந்த ஆள் சொன்னது ஒன்றுதான்: “தண்ணி படக்கூடாது, தகரம் தகடு எதுவும் கிட்ட இருக்கக்கூடாது.” நான் என் மேசையில் இருந்த பிஸ்கட் டின்னைத் தூக்கி ஜன்னலில் வைத்தேன். மடுவத்தில் தொங்கிய தகர வாளியை எடுக்கச் சொன்னேன். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது.

அதற்குள்ளே மேலிடத்திலிருந்து கடுதாசி வந்துவிட்டது, இனி யாரும் கையால் எழுதக்கூடாது என்று. ‘டிக்’ வராத பைக்குப் பேர் இல்லை. பேர் என்றால் எங்களுக்கு அன்றைய நாள் கூலி. சின்னதொரை நேரே மடுவத்துக்கு வந்தார். பையைத் தூக்கிப் பார்த்தார். அவரும் சாமி கும்பிடுகிற மனுஷன்தான், படத்தில் கை படாமல் லேபலை ஓரமாய்ப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“ஒரு ஆள் லேபல் மட்டும் சாகுமா? இந்தப் பூச்சிய வேணாம்னு சொன்னது நீதானே. என்ன பண்றே, அடுப்புல காட்றியா, கல்லால குத்துறியா?”

“நான் எதுக்குங்க தொரை குத்தணும். அது என் பேரு” என்றாள் நாத்தனார்.

“இன்னொரு லேபல் செத்துச்சுன்னா நீ மலைக்கு வரவேணாம். விசாரணை முடியிற வரைக்கும் வீட்லயே இரு.”

கூட நின்ற பெண்டுகள் பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். வழியில் ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள்: “என்னக்கா, பூச்சிக்கு மருந்து அடிச்சுட்டீங்களாமே?” எப்போதும் பதிலுக்குப் பதில் கொடுக்கிறவள், அன்றைக்குப் பேசாமல் நடந்தாள். அவள் புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போனவர், போனும் இல்லை, செய்தியும் இல்லை. அவளுக்கு வேலை நின்றால் அந்தக் காம்பராவில் அடுப்பும் நிற்கும்.

எனக்கும் அலுத்துவிட்டது. அடிப்பது, பார்ப்பது, கொடுப்பது, சாவது. ஸ்டோரில் என்னையும் ஒருமாதிரிப் பார்க்க ஆரம்பித்தார்கள், நாத்தனாருக்காக நான்தான் கெட்ட லேபல் அடித்துக் கொடுக்கிறேனோ என்று. ராத்திரியில் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, “அம்மா, இவ பொய் சொல்லலன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஊருக்கு எப்படித் தெரிய வைக்கிறது” என்று கேட்பேன்.

அதற்குப் பிறகு நான் அடித்த அந்தக் கடைசி லேபலும் மடுவத்தில் சத்தம் போடவில்லை. அவள் பையோடு நேரே ஸ்டோருக்கு வந்து என் மேசையில் போட்டாள்.

“நீங்களே வச்சுக்கோங்க மதினி. நான் வீட்டுக்குப் போறேன்.”

“இருடி. ஒரு தடவை இங்க பார்த்துடறேன்.”

லேபலை எடுத்து வாசிக்கிற பெட்டியில் வைத்தேன். சத்தம் இல்லை. முந்தின நாள் இதே இடத்தில் சத்தம் போட்ட லேபல். மழை விட்டு ஜன்னல் வழியே வெயில் அடித்தது. வழக்கம்போல அம்மனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள லேபலைத் தூக்கினேன். படத்தில் பட்ட வெயில், ஜன்னலில் இருந்த பிஸ்கட் டின் மூடியின் வெளிச்சத்தோடு சேர்ந்து கூரையில் இரண்டு வட்டமாய் விழுந்தது. இரண்டும் ஒரே மாதிரி மின்னின.

டின்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். தகடு. தகடு கிட்ட இருக்கக்கூடாது என்றுதானே சொன்னான் அந்த ஆள். நான் டின்னைத் தூக்கினேன், வாளியைத் தூக்கினேன். தினமும் தொட்டுக் கும்பிட்டதைத் தகடு என்று நினைக்கவே இல்லை. அது எனக்கு அம்மன். தகடாய்க் கண்ணில் படவே இல்லை. சின்னதொரைக்கும் படவில்லை, கணக்கப்பிள்ளைக்கும் படவில்லை.

மெதுவாய் நாத்தனாரிடம் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள்.

“அப்போ என் பேர மறைச்சது அம்மாவா?”

“அம்மா இல்லடி. அந்தப் பளபளப்பு. கடைக்காரன் போட்ட தங்கப் பேப்பர்.”

“எனக்கு அது வேற இது வேறயா தெரியலயே மதினி.”

“எனக்கும் தெரியலதான்.”

“உரிச்சா, நாளைக்கு மலைக்கு நான் எப்படிப் போவேன்?”

எழுந்துபோய்க் கைகால் கழுவி வந்தேன். மெஷினுக்கு மேலே இருந்த சாமி படத்துக்கு ஒரு சூடம் காட்டினேன். நாத்தனாரிடம் “நீயே உரிம்மா” என்றேன். “எனக்குக் கை வராது, நீங்க உரிங்க” என்று கண்ணை மூடிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் மூடியிருந்த அதே கண். நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, கிழியாமல், தாயே தாயே என்று சொல்லிக்கொண்டே உரித்தேன். வாழை இலைத் துண்டில் வைத்தேன். லேபலைப் பெட்டியில் வைத்தேன்.

‘டிக்.’

அவள் கண்ணைத் திறக்கவில்லை. “கேட்டுச்சு” என்று மட்டும் சொன்னாள்.

சாமித் தட்டில் இருந்த மற்ற லேபல்களையும் கொண்டுவரச் சொல்லி, டீமேக்கர் ஐயாவுக்கு முன்னால் ஒவ்வொன்றாய் உரித்துக் காட்டினோம். ஒவ்வொன்றும் உயிரோடு இருந்தது. அவர் சிங்கள மனுஷன், கையில் பிக்கு ஓதிக் கொடுத்த பிரித் நூல் கட்டியிருப்பார். சிரிக்கவில்லை. போனை எடுத்துச் சின்னதொரையிடம் பேசினார். வேலையை நிறுத்துகிற பேச்சு அன்றோடு நின்றது. ஆனால் சின்னதொரை அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் பெரட்டில் அவள் பேரைக் கூப்பிட்டார், அவ்வளவுதான்.

அம்மன் இல்லாத லேபலோடு அவள் மலைக்குப் போகமாட்டேன் என்று நின்றாள். நான் டீமேக்கர் ஐயாவிடம் கேட்டேன், மையில் அடித்தால் ஒன்றும் ஆகாதே, பேருக்குக் கீழே ஒரு வரி காலியாய் இருக்கிறதே என்று. “ஹரி, சரி, சின்னதா போடுங்க அக்கா” என்றார். ‘ஓம் சக்தி’ என்று அடித்தேன். அவள் விரலால் தடவிப் பார்த்தாள்.

“இதுல இருப்பாளா?”

“உன் பேரும் அதே மையிலதானே இருக்கு.”

கட்டிக்கொண்டு போனாள். இன்றைக்கும் ஒவ்வொரு மரத்தையும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் கொழுந்தில் கை வைக்கிறாள்.

பிறகு ஒவ்வொருத்தராய் வந்தார்கள். ஒருத்திக்கு முருகா வேண்டும். வேதக்கார அக்கா மாதாவே துணை என்று போடச் சொன்னாள். ரோல் சீக்கிரம் முடிந்துபோகிறது என்று எனக்குத்தான் பேச்சு விழுந்தது. குனிந்து குனிந்து ரிப்பன் மாற்றி இடுப்பும் போனது. இன்னும் அதே வேலைதான்.

கோயில் பக்கம் சொல்கிறார்கள், மெஷின் வேண்டாம் என்று அம்மனே லேபலை நிறுத்திக் காட்டினாள் என்று. ஆபீஸ் பக்கம் சொல்கிறார்கள், எழுத்தறிவு இல்லாத ஒருத்தி வேண்டுமென்றே தகடு ஒட்டி மெஷினை ஏமாற்றினாள், மாட்டிக்கொண்டதும் சாமி பேரைச் சொன்னாள் என்று. திருவிழாவில் நான் கேட்டது இந்த இரண்டாவது கதை. அவளும் பக்கத்தில்தான் நின்றாள். கையில் மோர் டம்ளர். குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டு நடந்தாள். வேலை திரும்பக் கிடைத்தது. பேர் இன்னும் முழுசாய்த் திரும்பவில்லை.

அதனால்தான் எழுதினேன். அவள் எதையும் கெடுக்கவில்லை. அம்மனும் எதையும் தடுக்கவில்லை. பயந்துபோன ஒரு பொம்பளை, தன் பேருக்குப் பக்கத்தில் தாயை வைத்துக்கொண்டாள். இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள். அதிசயம் என்று கூட்டவும் வேண்டாம், திருட்டு என்று மாற்றவும் வேண்டாம். உங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். இனி என்னால் ஒவ்வொரு பந்தலிலும் போய் நின்று சொல்ல முடியாது, முழங்கால் விடாது.