பையில் கிடந்த வயர்

சும்மா கொடுப்பவரைக் கண்டால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். எங்கள் ஊர்த் திருவிழாக் கும்மியை, துபாயில் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு நேரலையில் காட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. கேமரா வாங்கத் திண்டுக்கல் போனேன்.

"கேமரா எதுக்கு தம்பி? ஒங்க போனே போதும். ஒரு ஸ்டாண்டு மட்டும் எடுத்துக்கங்க," என்றார் கடைக்கார பாய். வியாபாரத்தை வேண்டாம் என்கிற கடைக்காரரை நான் பார்த்ததே இல்லை. கூடவே ஒரு பழைய வயரைப் பையில் போட்டார்.

"மைக்செட்டுல இருந்து போனுக்குச் சொருகிருங்க. படம் மங்குனாலும் சனம் பொறுத்துக்கும், பாட்டு கேக்கலைன்னா போயிரும். முடிச்சிட்டுக் குடுங்க. சேனல் பேரு என்ன?"

அது இவருக்கு எதற்கு? அரைமனதாகச் சொன்னேன். பழைய வயரால் போனைக் கெடுத்து, ரிப்பேருக்குத் தன்னிடமே வரவைக்கப் பார்க்கிறார் என்று முடிவு கட்டினேன். வயரைத் தொடவே இல்லை.

திருவிழா அன்று சாயங்காலம் கும்மி தொடங்கியது. ஸ்பீக்கர் இரைச்சலில் பாட்டு ஒரு வரிகூடப் புரியவில்லை என்று துபாயிலிருந்து வரிசையாகக் கமெண்ட். ஒவ்வொருவராக வெளியேறினார்கள். அப்போது புதுப் பெயரில் ஒரு வரி வந்தது: "தம்பி, பையில இருக்க வயர எடுத்துச் சொருகுங்க." பாய் சேனல் பெயர் கேட்டது இதற்குத்தான்.

சொருகினேன். பாட்டு தெளிந்தது. "அது எங்கம்மா குரல்" என்று ஒருவர் எழுதினார்.

மறுநாள் வயரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். நான் நினைத்ததையெல்லாம் பாயிடம் சொல்லவில்லை.

"நீங்களே வச்சுக்கங்க தம்பி, அடுத்த வருசத்துக்கு ஆகும்," என்றார்.

எதற்காகக் கொடுக்கிறார் என்றுதான் என் மனம் அப்போதும் கேட்டது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.