பச்சையில் வராத மெஷின்கள்

இளமதி எவனோடும் ஓடிப் போகவில்லை. அப்படிச் சொல்லித் திரிகிற எதிர்வீட்டு அழகம்மாள் அன்றைக்கு வாசலில்தானே நின்றாள், கூட ஒருவன் நடந்ததைக் கண்டாளா? போனைக் காதில் வைத்துக்கொண்டு வீட்டுக்கும் ரேஷன் கடைக்குமாக அந்தப் பெண் அலைந்தது உண்மைதான். மறுமுனையில் பேசியது காதலன் இல்லை, சென்னையிலிருக்கும் மேனேஜர் ரகுநாத்.

இலுப்பூரில் வீட்டிலிருந்தபடியே அவள் பார்த்தது கம்ப்யூட்டர் வேலை. திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் புரோகிராம்கள் பல மெஷின்களில் ஓடும். எது எங்கே ஓடவேண்டும் என்று பிரித்துவிட, மேஸ்திரி மாதிரி மேலே ஒரு சாஃப்ட்வேர். மெஷினுக்கு ஒன்றாக, ஏஜென்ட் என்கிற சின்னக் காவல் புரோகிராமை உட்காரவைப்பது இளமதியின் பொறுப்பு. மெஷின் திணறினால் அது உடனே சொல்லிவிடும். வைத்தாள். எல்லாம் சரி என்று திரை முழுக்கப் பச்சை. ரகுநாத்துக்குத் திருப்தி.

அவளுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கையாளும் மெஷின்களைத் திரையில் தேடினாள். பச்சையிலும் இல்லை, சிவப்பிலும் இல்லை. வேறெதுவும் உள்ளே வரக்கூடாதென்று அவற்றுக்கு ஏற்கெனவே தடை போட்டிருந்தார்கள். அந்தத் தடை ஏஜென்ட்டையும் திருப்பி அனுப்பியிருக்கிறது. காவலே இல்லாத இடத்திலிருந்து புகார் எப்படி வரும்?

ஏஜென்ட்டை மட்டும் உள்ளே விட அனுமதி கேட்டாள். வேலை முடிந்ததென்று ஆஸ்பத்திரியில் சொல்லியாயிற்று, இனி கைவைக்காதே என்றார் ரகுநாத். திரும்பத் திரும்பக் கேட்டாள். தெருவில் நடந்துகொண்டே கேட்டாள். கடைசியில் அவர் கறாராகச் சொன்னார்:

"எல்லா மெஷின்லயும் போட்டாச்சுன்னு ஒரு மெயில் போடுங்க இளமதி. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்குறோம்."

"போடாத எடத்துல போட்டேன்னு எப்புடி சார் எழுதுறது? எது விட்டுப்போச்சோ அத எழுதி, ஆஸ்பத்திரிக்கும் சேத்து அனுப்பிட்டேன்."

சற்று நேரத்தில் அவள் லாகின் அடைபட்டது. லேப்டாப்பைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து பதிலே இல்லை. உட்காருவாள், எழுந்திருப்பாள், போனைப் பார்ப்பாள்.

"லேப்டாப்ப கூரியர்ல போட்டுட்டு வீட்டோட இரு தாயி. தெருவே ஒரு மாதிரி பேசுது," என்றாள் அம்மா அமுதவல்லி.

"பேசட்டும்மா. அந்த மெஷினெல்லாம் இன்னும் காவலில்லாமத்தான் கெடக்கு. ஆஸ்பத்திரிலயே நேர்ல கேட்டுட்டு வாரேன்."

லேப்டாப் பையைத் தோளில் மாட்டினாள். செருப்பு வார் சரியாக ஏறியதா என்றுகூடப் பார்க்காமல், திருச்சி பஸ்ஸைப் பிடிக்க வாசலைத் தாண்டிப் போனாள்.