நாக்குப் புண்ணுக்கு வந்த களிம்பு

நோயாளி உள்ள வீட்டைத் தேடி வரும் மேதாவிகளைப் பற்றி எழுதுகிறேன்.

பினாங்கில் குமாஸ்தாவாக இருக்கும் என் கணவருக்கு நாக்கில் புற்று. ஆஸ்பத்திரியில் சதையைக் கிள்ளிச் சோதித்துவிட்டு புற்றைக் கருக்கும் ரேடியம் ஊசிகளை நாக்கில் செருகி வைத்தார்கள். அதன் பிறகு வாயெல்லாம் வெந்து, ஆறிய கஞ்சியை விழுங்கவும் கண்ணீர் விட்டார். உப்புத் தண்ணீரில் கொப்பளித்து வந்தால் மெல்ல ஆறிவிடும் என்றார் டாக்டர்.

மேதாவிகளுக்கு அது போதவில்லை. அதிலும் என் கணவரின் ஒன்றுவிட்ட அண்ணன் அந்தோணிசாமி, கப்பல் ஆபீசில் வேலை பார்ப்பதையே வைத்தியப் படிப்பென்று நினைத்தவர். நோயாளியின் காதுபடவே, "கத்தி பட்ட புற்று பரவாம இருக்குமா?" என்றார். பிறகு பாசார் சந்தையில் வாங்கிய ஒரு களிம்பை நீட்டினார்.

"ரோசம்மா, இதை நாக்குல தடவு. ஒரே வாரத்துல மீன் குழம்பு கேப்பான்."

வலி தாங்காத என் கணவர் உடனே வாயைத் திறந்துவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. முதலில் என் மணிக்கட்டில் தடவிப் பார்த்தேன். அந்தோணிசாமி அத்தானுக்குக் காப்பி கலந்து கொண்டுவருவதற்குள் அந்த இடம் தீப்பட்டதுபோல் கொப்புளம் கட்டிவிட்டது. வெந்த நாக்கில் பட்டிருந்தால்?

"அத்தான், உங்க நாக்குல கொஞ்சம் தடவிக் காட்டுங்க" என்றேன்.

"எனக்கென்ன நோயா?" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

புண் டாக்டர் சொன்னபடியே ஆறியது. என் கணவர் இப்போது குழைந்த சோறு சாப்பிடுகிறார். மருந்தோடு வருகிறவர்களை நான் வாசலிலேயே நிறுத்தி, முதலில் அவர்களையே அதைத் தின்னச் சொல்கிறேன். வீட்டில் கூட்டம் குறைந்துவிட்டது. அவரும் மத்தியானத்தில் நிம்மதியாகத் தூங்குகிறார்.