பத்து நாள் பார்த்த நாய்

இட ஒதுக்கீட்டுக்காகச் சாலை மறியல் நடந்த அந்த வாரம் கச்சிராயபாளையத்துக்குப் பஸ் வரவில்லை. ரோட்டின் குறுக்கே புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு மரத்தைத் தாண்டியபோது, கிளைகளுக்குள் படுத்திருந்த நாய் அவருடைய கெண்டைக்காலைக் கடித்துவிட்டது. இரண்டு பல் ஆழமாக இறங்கியிருந்தது.

மாமியார் சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் குழைத்து எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். உள்ளூர்ப் பள்ளியில் நான் சயின்ஸ் டீச்சர். வாயும் கொஞ்சம் ஜாஸ்தி. காலைக் குழாயடியில் நீட்டச் சொல்லி, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினேன். அதுவரை நான் செய்தது சரிதான்.

"கல்வராயன் மலைல ஒருத்தரு பச்சில குடுக்கறாரு. குடிச்சிட்டு உப்பில்லாம பத்தியம் இருந்தா போதும். கூட்டிக்கினு போறேன்" என்றார் மாமியார்.

"அத்த, அதெல்லாம் கட்டுக்கத. இந்த வூட்ல அந்தப் பேச்சே வேணாம்."

அவர் மகனைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான்.

மறுநாள் காலையில் இருவரும் மரம் விழுந்த இடத்துக்குப் போனோம். பக்கத்து டீக்கடை வாசலில் ஒரு செவலை நாய் படுத்திருந்தது. "இதுதானே?" என்றேன். "இதாட்டம்தான் இருந்துச்சி. நான் எங்க நின்னு பாத்தேன்?" என்றார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டும், அது நன்றாக இருந்தால் பயமில்லை என்று ஒரு சுகாதாரக் கையேட்டில் படித்திருந்தேன். அது உண்மைதான். ஆனால் பத்து நாளும் சும்மா காத்திருக்கக் கூடாது, உடனே ஊசியை ஆரம்பித்துவிட வேண்டும் என்பதும் அதே பக்கத்தில் இருந்தது. மனசுக்குச் சௌகரியமான பாதியை மட்டும் வைத்துக்கொண்டேன்.

டீக்கடைக்காரரிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. கடித்த நாய் என்று தெரிந்தால் எங்கள் ஊரில் கம்பை எடுத்து அன்றைக்கே அடித்துக் கொன்றுவிடுவார்கள். அப்புறம் நான் எதைக் கவனிப்பது? அதனால் தினமும் பள்ளிக்கூடம் போகும் வழியில் டீக்கடையில் ஒரு பொறை ரொட்டி வாங்கிப் போட்டேன். அது வாலாட்டிக்கொண்டே தின்றது. இவ்வளவு புத்திசாலித்தனமாக நான் வேறு எந்தக் காரியத்தையும் செய்ததில்லை என்று அப்போது நினைத்தேன்.

ஐந்தாம் நாள் மரங்களை அகற்றினார்கள். ஆஸ்பத்திரி இருக்கும் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஓடியது. அப்போதும் நேரம் இருந்தது. அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட வேண்டும். வயல்காட்டுப் பாம்புக்குப் பயப்படாத மனிதர், ஊசி என்றால் நடுங்குவார்.

"ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆவணுமா?" என்று என்னிடம்தான் கேட்டார். போகலாம் என்று நான் சொல்லியிருந்தால் முனகிக்கொண்டே வந்திருப்பார்.

"நாய் நல்லாத்தான் துன்னுகினு இருக்குதுங்க. எதுக்கு வீணா வயித்தப் புண்ணாக்கிக்கணும்?" என்றேன்.

பத்தாம் நாள் கேசரி கிண்டினேன்.

இரண்டு மாதம் கழித்து, ஆறிப்போன தழும்பு குறுகுறுக்கிறது என்றார். இரண்டாம் நாள் தண்ணீர்ச் சொம்பை வாயருகே கொண்டுபோனதும் தொண்டை இழுத்துக்கொண்டது. விசிறிக் காற்றுப் பட்டாலே துடித்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ஊசி போட்டீர்களா? இல்லை என்றேன். மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. கடைசிவரை அவருக்கு நினைவு தப்பவில்லை. தப்பியிருக்கலாம் என்று இன்றுவரை அழுகிறேன்.

துக்கம் விசாரிக்க டீக்கடைக்காரர் வந்தார். அப்போதுதான் அவரிடம் சொன்னேன்.

"ஒரே ஈத்துல ரெண்டு குட்டிங்கம்மா. ரெண்டும் அச்சு அசலா ஒண்ணாட்டம் இருக்கும். மரம் வெட்ன வாரமே இன்னொண்ணு எச்சில் வடிச்சிக்கினு சுத்தி வாய்க்கால்ல செத்துக் கெடந்துச்சி. நீங்க பிரியத்துல பொற போடறீங்கன்னு இல்ல நெனச்சேன். ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

மாமியாரின் கணக்கு வேறு. "பச்சிலைய குடுக்க வுடல. எம்புள்ளய இவதான் கொன்னா." வந்தவர்கள் எல்லோரிடமும் அதையே சொன்னார். பச்சிலை காப்பாற்றியிருக்காது; அது எனக்குத் தெரியும். ஆனால் ஊசி காப்பாற்றியிருக்கும். வேண்டாம் என்றது நான். அவர் சொன்ன காரணம் பொய், குற்றவாளி மட்டும் சரி. இதில் எதை எடுத்து நான் மறுப்பது?

நான்கு வருடம் கழித்து எதிர்வீட்டுப் பெண்ணின் ஆறு வயது மகளை நாய் கடித்தது. தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகும் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தாள். மாமியார்தான் வழி சொல்லி அனுப்பினார். நான் ஓடிப்போய் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். தெருவே பார்க்க, அதுவரை டீக்கடைக்காரரைத் தவிர யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். பொறை போட்டது, வேறு நாயைப் பார்த்தது, ஊசி வேண்டாம் என்றது, எல்லாவற்றையும். "பச்சிலையால இல்ல, நான் ஊசி போட வுடாததாலதான் அவரு போனாரு. கொழந்தைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போம்மா" என்று கெஞ்சினேன்.

அவள் பொறுமையாகத்தான் கேட்டாள்.

"அக்கா, அன்னிக்கும் நீங்க இப்பிடித்தான் அடிச்சி சொன்னீங்க" என்றாள். ஜீப் போய்விட்டது.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. கடித்தது வெறிநாய் இல்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பொங்கலுக்குள் எங்கள் தெருவிலிருந்து இன்னும் மூன்று பேர் பச்சிலைக்கு மலை ஏறினார்கள். யாரும் என்னிடம் கேட்கவில்லை.