சாயப்பட்டறைக்கு அடியில் இருந்த மண்

கணவர் இறந்த மூன்றாம் மாதம் வேலைக்குத் திரும்பினேன். ஆலைக் கழிவால் கெட்டுப்போன நிலங்களைச் சோதித்து, எப்படிச் சுத்தம் செய்யலாம், பிறகு அங்கே என்ன கட்டலாம் என்று திட்டம் போட்டுக் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனம் எங்களுடையது. மதுரையில் இருக்கிறது. "அருப்புக்கோட்டையில ஒரு வேல வந்திருக்கு. உங்க மாமியார் வீட்டுல இருந்தே பாத்துக்கிடலாம்ல?" என்றார் மேலாளர். இரக்கப்பட்டுத்தான் கேட்டார். எனக்கு எந்த ஊராக இருந்தாலும் ஒன்றுதான்.

நிலம் ஊருக்கு நடுவில் இருந்தது. நூலுக்குச் சாயம் ஏற்றிய பட்டறை, மூடிப் பல வருஷம் ஆகியிருந்தது. தொட்டிகள் வெடித்துக் கருவேல் முளைத்துக் கிடந்தது. சுற்றிலும் வீடுகள். பூங்கா வேண்டும் என்றார்கள் சிலர், கல்யாண மண்டபம் என்றார்கள் சிலர், ஷேர் ஆட்டோ நிறுத்த இடம் வேண்டும் என்றார்கள் ஆட்டோக்காரர்கள். மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துச் சொல்ல வேண்டியது நான்.

முதல் குழி தோண்டியபோது மேலே சாதாரணக் கரிசல்தான் வந்தது. இரண்டடிக்குக் கீழே மண் ஊதாவாக மாறியது. அதற்கும் கீழே மஞ்சளும் பச்சையும் கலந்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. ஜேசிபி ஓட்டுநர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிவிட்டார். நான் குனிந்து மண்ணை அள்ளிப் புட்டியில் போட்டு எண் எழுதி ஒட்டினேன். நாற்றம் தெரிந்தது. அது என்னை ஒன்றும் செய்யவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அத்தை சோறு போட்டு வைத்திருப்பார். மகனைப் பற்றி அவரும் பேசமாட்டார், நானும் பேசமாட்டேன். "இன்னைக்கு என்ன கலர் வந்துச்சு?" என்று கேட்பார். சொல்லுவேன். தலையை ஆட்டிக்கொண்டு மோரை ஊற்றுவார். எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு.

பட்டறைச் சுவரை ஒட்டியிருந்த வீட்டில் பிளவுஸ் தைக்கும் அக்கா ஒருத்தர் இருந்தார். சொந்த ஊர் வீரசோழன், கணவர் துபாயில். குழி தோண்டிய நாட்களில் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து டீ நீட்டுவார். அவர் வீட்டுக் கொல்லையில் கிணறு இருந்தது. குடிக்க நகராட்சித் தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் கிணற்றுத் தண்ணீர். அதையும் சோதனைக்கு அனுப்பினேன். முடிவு வந்ததும் நேரில் போனேன்.

"அக்கா, இந்தத் தண்ணிய இனிமே எதுக்கும் தொடாதீக. குளிக்கக்கூட வேணாம்."

தையல் மெஷினை நிறுத்தினார். "பாத்தா கண்ணாடி கணக்கா இருக்கே."

"கண்ணுக்குத் தெரியாதுக்கா."

"எம்புள்ளைக ரெண்டும் இதுலதான் குளிச்சு வளந்துச்சுக." என்னையே பார்த்தார். "நீங்க பாட்டுக்குக் கரண்டு பில்லு வாசிக்கிற மாதிரி சொல்றீக."

உண்மைதான், என் குரல் அப்படித்தான் இருந்தது. வேறு குரல் என்னிடம் இல்லை.

மண் முழுவதையும் அள்ளி, பந்தல்குடிப் பக்கம் ஒரு தரிசில் கொட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. இடத்தைப் பார்க்க பஸ்ஸில் போனேன். பந்தல்குடி வழியாகப் போகும் அந்தத் தூத்துக்குடி ரோட்டில்தான் என் கணவரின் பைக்கை லாரி அடித்தது. அந்த இடம் வருகிறது என்று தெரிந்தே ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு பஞ்சர் கடை, ஒரு புளியமரம், லாரிகள். பஸ் கடந்துவிட்டது. டிக்கெட்டை மடித்துக்கொண்டே இருந்தேன்.

தரிசுக்குப் பக்கத்து நிலத்து விவசாயி விஷயத்தைக் கேட்டதும் முண்டாசை அவிழ்த்து உதறினார். "டவுனு நாத்தத்த இங்க கொண்டாந்து கொட்டுவீகளோ? மழ பேஞ்சா அம்புட்டும் எங்க கம்மாய்க்குத்தான வரும்?"

"வரும்" என்றேன்.

சண்டைக்குத் தயாராக நின்றவர் முண்டாசைத் திரும்பக் கட்டிக்கொண்டு, "வெயிலா இருக்கு, தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். அந்த இடம் ஆகாது என்று அன்றைக்கே எழுதி அனுப்பினேன்.

கடைசியில் போட்ட திட்டம் இது. தொட்டிகள் இருந்த மூலையின் மண்ணை மட்டும் அள்ளி, இப்படிப்பட்ட கழிவுக்கென்றே கட்டிய கிடங்குக்கு அனுப்புவது. மீதியைக் களிமண்ணால் மூடி மேலே கான்கிரீட் போடுவது. அங்கே ஆட்டோ ஸ்டாண்டும் கடைகளும் வரலாம். பூங்கா வேண்டாம். சுற்றியுள்ள கிணறுகளை மூட வேண்டும்.

தெருக்காரர்கள் கூட்டத்தில் இதைப் படித்ததும் கூச்சல் எழுந்தது. களிமண் போட்டு மூடிய பிறகு பூங்கா வைத்தால் என்ன என்றார்கள். மர வேர் இறங்கினால் களிமண் பிளந்துவிடும் என்று கணக்கோடு விளக்கினேன். தையல்கார அக்கா எழுந்தார்.

"மேடம், கணக்கெல்லாம் எங்களுக்கு வேணாம். உங்க புள்ளைய அங்க வெளையாட விடுவீகளா?"

எனக்குப் பிள்ளை இல்லை. இனி என் கணவருக்கும் எனக்குமாக ஒரு பிள்ளை வரப்போவதும் இல்லை. அது அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் முதல்முறையாகத் தெளிவாகத் தோன்றியது. பல்டாக்டர் ஊசி போட்டு மரத்துப்போன இடத்தை விரலால் அழுத்திப் பார்ப்பது போல இருந்தது.

"விடமாட்டேன்" என்றேன்.

அக்கா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "அப்பப் பூங்கா வேணாம்" என்று சொல்லி உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் மெல்ல அடங்கினார்கள்.

கிணற்றை மூடிய அன்று அவர் வீட்டில் இருந்தேன். லோடு லோடாகக் களிமண் இறங்கியது. முதல் மண் விழுந்தபோது தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு மண் மேல் மண் விழும் சத்தம்தான். அக்கா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"கெணறு உள்ள வீடுன்னுதான் எங்கத்தா என்னைய இங்க கட்டிக் குடுத்தாக" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "உங்க வீட்டுக்காரர் எப்பிடித் தவறுனாக?" என்று கேட்டார். தெருவில் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

சொன்னேன். ரோடு, லாரி, ஆஸ்பத்திரி என்று வரிசையாகச் சொன்னேன். அவர் அழுதார். எனக்கு வரவில்லை. ஆனால் அவர் என் கையைப் பிடித்திருந்தார், அந்தக் கை சூடாக இருந்தது. அது எனக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் அத்தை மோர் ஊற்றும்போது, "இன்னைக்கு ஒருத்தர்ட்ட அவரப் பத்திப் பேசினேன்" என்றேன். சொம்பைக் கீழே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"என்ன சொன்ன? எங்கிட்டயும் சொல்லு" என்றார்.